பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு

(கொக்குவிலில் ஒரு சனசமூக நிலையத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரேயொரு முழு எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1,600,984. பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. பிள்ளைகள் அதை இப்போதே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணைப் பற்றிப் பேசுவதற்குக் கொக்குவிலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது. இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் இந்த ஊரின் பஞ்சாங்கம். கொக்குவில் சோதிடப்பிரகாச யந்திரசாலை என்ற பெயரைப் பழைய யாழ்ப்பாணத்துப் புத்தகங்களின் முகப்பில் கண்டவர்கள் இந்த அவையிலே பலர் இருப்பீர்கள். வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு, மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேடம் எந்த நேரத்தில் கொடுப்பது, அப்பாவின் திவசத் திதி எந்த நாளில் விழுகிறது என்று அந்தப் புத்தகத்தைப் புரட்டாத வீடு இங்கே குறைவு. ஆனால் அதில் அச்சாகியிருக்கும் நட்சத்திரமும் திதியும் எந்தக் கணக்கிலிருந்து பிறக்கின்றன என்று நாம் கேட்பதில்லை. வாக்கிய முறையில் நிலாவின் கணக்கு 1,600,984 என்ற எண்ணைக் கழிப்பதிலிருந்து தொடங்குகிறது.

முதலில் இது எதன் எண்ணிக்கை என்று சொல்கிறேன். நம்முடைய வானியலார் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாட்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று விடாமல் எண்ணிவந்தார்கள். மாதமோ வருடமோ அதில் கிடையாது, வெறும் நாட்கள். தொடக்க நாள் கி.மு. 3102 பெப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அந்த நாளில் யாரும் உட்கார்ந்து எண்ணத் தொடங்கவில்லை. ஆரியபடர் தமக்கு 23 வயது நிறைந்தபோது கலியில் 3600 வருடங்கள் கழிந்திருந்தன என்கிறார். அது கி.பி. 499. பின்னோக்கிக் கணக்கிட்டு நிறுவப்பட்ட தொடக்கம்தான் அது. ஐரோப்பாவில் 1583 இல் சுகாலிசர் என்பவர் கி.மு. 4713 இலிருந்து தொடங்கும் இதேபோன்ற ஓர் எண்ணிக்கையை ஏற்படுத்தினார். இன்றைக்கும் வானியல் நிலையங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. நாட்காட்டிகள் மாறும், அரசர்கள் மாறுவார்கள், நாட்களின் தொடர் எண்ணிக்கை மாறாது.

கலி தொடங்கி 1,600,984 நாட்கள் கழிந்த காலை, கி.பி. 1282 மே 22. அன்றைக்கு என்ன சிறப்பு? நிலா புவிக்கு மிகத் தொலைவில் நிற்கும் இடத்துக்கு உச்சம் என்று பெயர். அன்று சூரிய உதயமும் நிலா உச்சத்தில் நின்ற வேளையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. நிலாவின் ஓட்டத்துக்கு ஓர் அட்டவணை தயாரிக்க விரும்புபவருக்கு இதைவிடத் தோதான தொடக்கம் கிடைக்காது. வாக்கிய முறையின் மூல நூலான வாக்கியகரணம் இந்த எண்ணைத்தான் ஆதாரமாகக் கொள்கிறது. 1300ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டில் எழுந்த நூல் அது. 1962 இல் குப்பண்ண சாஸ்திரியாரும் கே. வி. சர்மாவும் சென்னையில் அதைப் பதிப்பித்தார்கள்.

இனி எண்ணை உடைத்துப் பார்ப்போம். பிள்ளைகளே, 7 ஆலும் 11 ஆலும் 13 ஆலும் ஒரு பெரிய எண் வகுபடுமா என்று ஒரே தடவையில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆகவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறிமாறிக் கூட்டிக் கழித்தால் போதும். 984 இலிருந்து 600 போனால் 384. ஒன்றைக் கூட்டினால் 385. இந்த 385 என்பது 5 × 7 × 11. ஆகவே நம்முடைய எண் 7 ஆலும் வகுபடும், 11 ஆலும் வகுபடும், 13 ஆல் வகுபடாது. முழுவதுமாக உடைத்தால் 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113. எல்லாம் முதன்மை எண்கள். மொத்தம் 64 காரணிகள். வகுத்துச் சரிபாருங்கள்.

7 ஆல் மீதியின்றி வகுபடுவதற்கு ஒரு விளைவு உண்டு. கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை. சரியாக 228,712 வாரங்கள் கழித்து வருவதும் வெள்ளிக்கிழமைதான். 1282 மே 22 வெள்ளிக்கிழமையே. இதை நாடித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழில் ஒரு வாய்ப்பு தற்செயலாகவும் அமையலாம். ஆனால் கிழமை காண எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை என்பது கணக்குப் போடுபவருக்குக் கிடைத்த நல்ல வசதி.

இப்போது நிலாவுக்கு வருவோம். விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். நிலாவின் வேகம் ஒரே சீரானதல்ல. உச்சத்தில் நிற்கும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பாகை நகரும். அருகில் வரும்போது பதினைந்தைத் தொடும். உச்சத்திலிருந்து புறப்பட்டு மறுபடி உச்சத்துக்கு வர 27.55455 நாள் எடுக்கிறது. இந்தத் தசமம்தான் தொல்லை. முழு நாட்களும் முழுச் சுற்றுகளும் ஒன்றாக முடியும் ஒரு கட்டம் கிடைத்துவிட்டால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் நிலாவின் இடத்தை நாள்தோறும் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

28 நாளை ஒரு சுற்று என்று வைத்தால் ஏறக்குறைய அரை நாள் பிழை. 55 நாளை இரண்டு சுற்று என்றால் பிழை இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. 248 நாளில் ஒன்பது சுற்று என்றால் பிழை பதின்மூன்று நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. 3031 நாளில் 110 சுற்று என்றால் ஒரு நிமிடம்கூட இல்லை. ஏறக்குறைய 42 வினாடி. இன்றைய வானியல் தரும் அளவோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான வழுவல்! நான் எத்தனையோ தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் வியப்புத் தீரவில்லை.

இந்த எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிறக்கின்றன என்று பாருங்கள். 55 ஐ நான்கால் பெருக்கி 28 ஐக் கூட்டினால் 248. 248 ஐப் பன்னிரண்டால் பெருக்கி 55 ஐக் கூட்டினால் 3031. 3031 ஐ நான்கால் பெருக்கி 248 ஐக் கூட்டினால் 12,372. அதுதான் அடுத்த கட்டம், 449 சுற்றுகள். அதன் வழுவல் பத்து நிமிடமளவு. ஆனால் நீண்ட கணக்கைச் சுருக்குவதற்கு அது வேண்டும். சுற்றுகளும் அதே விதியைத்தான் பின்பற்றுகின்றன: இரண்டின் நான்கு மடங்கோடு ஒன்று, ஒன்பது. ஒன்பதின் பன்னிரு மடங்கோடு இரண்டு, 110. அதன் நான்கு மடங்கோடு ஒன்பது, 449. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்கள் இதில் தொடர் பின்னத்தைக் கண்டிருப்பீர்கள். குறுக்கே பெருக்கிப் பாருங்கள். 3031 × 9 என்பது 27,279. 248 × 110 என்பது 27,280. வேறுபாடு ஒன்று. 3031 × 449 என்பது 1,360,919. 12,372 × 110 என்பது 1,360,920. மறுபடியும் வேறுபாடு ஒன்று. இதைவிடக் குறைந்த வேறுபாடு இரண்டு வெவ்வேறு பின்னங்களுக்கு இடையில் இருக்க முடியாது. அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்கும் கணிதத்துக்கு ஆரியபடர் காலத்திலிருந்து குட்டகம் என்று பெயர். ஐரோப்பாவில் ஆயிலரும் இலக்ராஞ்சும் பதினெட்டாம் நூற்றாண்டில் இதை வேறு வழியால் வந்தடைந்தார்கள்.

இவை நமக்கு மட்டும் உரியவை என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. 248 நாள் கணக்கு பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கிறது. 248, 3031 இரண்டுமே பழைய கிரேக்கப் பாப்பிரசு ஏட்டில் இருக்கின்றன. வானியல் வரலாற்று அறிஞர் நொய்கெபவர் 1952 இல் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி இந்த உறவைச் சுட்டிக்காட்டினார். கடல் கடந்து வந்த எண்கள் என்பதால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. மற்ற இடங்களில் மண்ணுக்குள்ளே போய், அகழ்ந்து எடுத்தபின் அறியப்பட்ட எண்கள் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வருடந்தோறும் வேலை செய்துகொண்டிருந்தன. நான் பெருமைப்படுவது இந்தத் தொடர்ச்சிக்காகத்தான்.

இப்போது ஓர் உதாரணம். 2025 ஏப்பிரல் 14, விசுவாவசு வருடப்பிறப்பு நாள். அன்று சூரிய உதயத்தில் கழிந்திருந்த கலிநாட்கள் 1,872,314. அதிலிருந்து 1,600,984 ஐக் கழித்தால் 271,330. சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும் காசாளர் முதலில் ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள், பிறகு ஆயிரம், பிறகு நூறு என்று எடுப்பாரல்லவா, அந்த ஒழுங்கிலேயே வகுக்க வேண்டும். 12,372 இல் 21 போகும், மீதி 11,518. 3031 இல் 3 போகும், மீதி 2,425. 248 இல் 9 போகும், மீதி 193. முடிந்தது. பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நாட்கள் மூன்று வகுத்தல்களில் 193 ஆகச் சுருங்கிவிட்டன. 248 வரிகள் கொண்ட அட்டவணையில் 193ஆவது வரியை எடுத்து, தாண்டிவந்த கட்டங்களுக்குரிய பாகைகளைக் கூட்டினால் அன்றைய உதயகால நிலா கிடைக்கும். நான் கூட்டிப் பார்த்தேன். துலா இராசியில் பதினொரு பாகைக்குச் சற்றுக் குறைவு, சுவாதி நட்சத்திரம். இன்றைய வானியல் கணிப்பும் துலாவில் பதினொரு பாகையளவில்தான் நிலாவைக் காட்டுகிறது.

193 இல் இன்னொன்றும் இருக்கிறது. 27.55455 ஐ ஏழால் பெருக்குங்கள்: 192.88. அதாவது அன்று காலைக்குச் சற்று முன்னர்தான் நிலா தன் ஏழாவது சுற்றை முடித்து உச்சத்தைக் கடந்தது என்கிறது அந்த மீதி. அதற்கு முந்திய பூரணை இரவில் நிலவு வழக்கத்தைவிடச் சிறிதாகத் தெரிகிறது என்று பத்திரிகைகள் எழுதியது நினைவிருக்கும். நிலா உச்சத்துக்கு அருகில் நின்றதால்தான் அது அப்படித் தெரிந்தது. 1282 இல் தொடங்கிய எண்ணிக்கை 743 வருடம் கழித்தும் அந்த இரவைச் சரியாகச் சொல்கிறது. தாளும் பேனையும் போதும், தொலைநோக்கி தேவையில்லை.

தாள்கூட வேண்டாம் என்று காட்டியவர்கள் இருந்தார்கள். எண்களை எழுத்தாக்கும் கடபயாதி என்ற முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். 248 க்குத் தேவரம்: மென்மையாக ஒலிக்கும் முதல் தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. 3031 க்குக் கலானிலம்: ககரம் 1, லகரம் 3, னகரம் 0, மறுபடி லகரம் 3. அட்டவணையின் 248 வரிகளும் இவ்வாறே சிறுசிறு வாக்கியங்களாக இருந்தன. வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் அதனால் வந்தது. வரருசி இயற்றியவை என்பது மரபு. பின்னால் கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அவற்றை விகலை வரையில் நுணுக்கமாகத் திருத்தினார்.

சென்னையில் 1825 இல் கால சங்கலிதம் என்ற நூலை வெளியிட்ட யோன் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, புதுச்சேரிப் பக்கத்தில் சந்தித்த ஒரு தமிழ்க் கணக்கரைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமிநாதன் சேசையா என்று ஒலிக்கும்படி பெயரைக் குறித்திருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, 1825 மே 31 இரவு நிகழ இருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் வேறுபட்டன. ஒரு புத்தகமும் இல்லாமல், எழுத்தாணியைத் தொடாமல் செய்த கணக்கு. வாரன் அவரைக் கோட்பாடு அறியாதவர் என்கிறார். இருக்கலாம். ஆனால் இத்தனை வகுத்தல்களையும் மனத்தில் நிறுத்தி ஒரு மீதியையும் தவறவிடாதவரைக் கணித அறிவு இல்லாதவர் என்று சொல்ல என்னால் முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலேயே 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. அராலி விசுவநாத சாஸ்திரியார் அப்போது பெரும்புகழ் பெற்ற பஞ்சாங்கக் கணிதர். வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூவர் பாதிரியார் சாஸ்திரியாரின் கணிப்பை ஐரோப்பியக் கணிப்போடு ஒப்பிட்டு, இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று முன்னதாகவே அறிவித்தார். கிரகணம் ஐரோப்பியக் கணிப்பின்படி நிகழ்ந்தது. அதை நம் சமயத்தின் தோல்வியாகச் செமினரிப் பாதிரிமார் பேசினார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஒரு தொடக்க எண்ணும் மூன்று கட்டங்களும் பல நூற்றாண்டு திருத்தப்படாமல் இருந்தால் எந்தக் கணக்கும் வழுவும். அதே செமினரியில் அதிபராயிருந்த கொய்சிங்கடன் உள்ளமுடையான் என்ற சோதிட நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1848 இல் இங்கேயே அச்சிட்டார். மறுக்க வந்தவர்களுக்கும் முதலில் படிக்க வேண்டியிருந்தது.

வழு எங்கே இருக்கிறது? நிலாவின் வேக வேறுபாட்டுக்கு இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று அதன் பாதை வட்டமாக இல்லாதது. மற்றது சூரியனின் இழுப்பு. முதலாவது, நிலாவைச் சராசரி இடத்திலிருந்து ஆறேகால் பாகைவரை நகர்த்தும். இரண்டாவது, ஒன்றேகால் பாகைவரை. நம்முடைய வாக்கியங்களில் உள்ள திருத்தமோ ஏறக்குறைய ஐந்து பாகை மட்டும். இதைப் பிழை என்று பலர் எழுதிவிட்டார்கள். பூரணையிலும் அமாவாசையிலும் சூரியனின் இழுப்பு முதல் திருத்தத்துக்கு எதிராக நிற்கிறது. ஆறேகாலிலிருந்து ஒன்றேகால் போனால் ஐந்து. கிரகணங்கள் அந்த இரண்டு நாட்களில்தான் வரும். கிரகணம் பார்த்துத் திருத்தி அமைத்த அட்டவணையில் ஐந்து பாகை இருப்பதே நியாயம். அட்டமியில் பார்த்தால்தான் நிலா இரண்டரைப் பாகைவரை விலகி நிற்கும். வாக்கியத்துக்கும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரங்கள் சில நாட்களில் மணிக்கணக்காக விலகி நிற்பதற்கு இதுவே தலையான காரணம்.

சூரியனுக்கும் இப்படி ஒரு பெரிய எண் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரியபடரின் மகாயுகத்தில் 4,320,000 வருடங்கள், 1,577,917,500 நாட்கள். இரண்டையும் 7500 ஆல் வகுத்தால் 576 வருடத்துக்கு 210,389 நாட்கள். அதற்குமேல் சுருங்காது. ஒரு வருடத்துக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. நூற்று ஐம்பத்தேழு கோடியில் தொடங்கியது கைக்குள் அடங்கிவிட்டது. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் இன்றைய வருடத்தைவிட இது 200 வினாடி கூட. 432 வருடத்தில் அது ஏறக்குறைய ஒரு முழு நாளாகிறது. எங்கள் சித்திரை வருடப்பிறப்பு மெல்ல மெல்ல நகர்வதில் இந்த 200 வினாடிக்கும் பங்கு உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணிப்படுத்தலும் மீதியும் படிப்பிக்கும்போது பாடப்புத்தகத்து எண்களோடு 3031 ஐயும் கரும்பலகையில் எழுதுங்கள். 7 × 433 என்று பிள்ளை கண்டுபிடிக்கும்போது, அத்தனை நாள் கழித்து நிலா அதே வேகத்தோடு அதே கிழமையில் வந்து நிற்கும் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் அச்சான பஞ்சாங்கத்தை இந்த ஊர்ப் பிள்ளை கணித நூலாகவும் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பெரியவர்கள் அதைக் கும்பிட்டு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளைகள் அதை வகுத்தும் பார்க்கட்டும்.

இப்போது கொப்பியை எடுங்கள். 2000 ஜனவரி 1 காலையில் கழிந்திருந்த கலிநாட்கள் 1,863,079. 7 ஆல் வகுத்தால் மீதி 1. வெள்ளிக்கு அடுத்தது சனி, அன்று சனிக்கிழமைதான். அதிலிருந்து உங்கள் பிறந்த திகதிவரை நாட்களை எண்ணிக் கூட்டுங்கள், முன்னால் பிறந்தவர்கள் கழியுங்கள். 2000, 2004, 2008 போன்ற வருடங்களில் பெப்ரவரி 29 ஐ மறக்க வேண்டாம். வந்த தொகையிலிருந்து 1,600,984 ஐக் கழித்து, 12,372 ஆலும் 3031 ஆலும் 248 ஆலும் வரிசையாக வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 28, 55, 83, 110, 138, 165, 193, 220 இவற்றுக்கு அருகில் இருந்தால் நீங்கள் பிறந்தபோது நிலா தொலைவில் நின்றது. 14, 41, 69, 96, 124, 152, 179, 207, 234 க்கு அருகில் என்றால் கிட்ட நின்றது. சூரியனின் இழுப்பால் உண்மை உச்சம் சில நாள் முன்பின்னாகலாம், அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தருகிறேன். முடித்தவர்கள் கையை உயர்த்துங்கள். இந்தக் கரும்பலகையில் ஒவ்வொருவருடையதையும் போட்டுச் சரிபார்ப்போம்.